மண்ணுக்காரன் பங்கு

உ
மேலக்கரடு,
தென்காசி தாலுகா,
9-11-1976

பஹ்ரைன், மனாமாவில் இருக்கும் செய்கு அலாவுதீன் அவர்களுக்கு மேலக்கரடு முத்துராமன் எழுதுவது.

உங்களை நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். விலாசத்தைக் காயல்பட்டினம் போய் உங்கள் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் கேட்டு வாங்கினேன். மறுக்காமல் கொடுத்தார்கள்.

உங்கள் வாப்பா தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. பூட்டு துருப்பிடித்துவிட்டது. உள்ளே தென்னைக்கு நடுவில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் ஆள் உயரத்துக்கு மண்டிக்கிடக்கின்றன. ஓடையில் தண்ணீரும் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்பெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்து தின்றுவிட்டுத் திரும்பிப் போகும். இப்போது உங்கள் தோட்டத்திலேயே குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகின்றன. பகலெல்லாம் அங்கே படுக்கை, இருட்டினால் என் நிலத்தில் சாப்பாடு. என்னுடையது உங்கள் வேலியை ஒட்டிய மூன்று ஏக்கர் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் மரவள்ளி போயிற்று. இந்த வருஷம் நிலக்கடலை போட்டிருக்கிறேன். பரண் கட்டித் தகரம் தட்டுகிறேன். அவை சத்தத்துக்குப் பழகிவிட்டன.

வேட்டைக்கார மாடக்கண்ணுவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன. ஆனால் பூட்டிய நிலத்துக்குள் துப்பாக்கியோடு நுழைய நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று காட்டிலாகா ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு உங்கள் கேட்டில் மாடக்கண்ணு இறைச்சியைத் தொங்கவிட்டது நடந்திருக்கக் கூடாது. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு என் பயிர் எத்தனை வருஷம் பதில் சொல்ல வேண்டும்?

ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

முத்துராமன்


786
குதைபியா, மனாமா,
2-12-1976

முத்துராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'அவர்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். தென்காசி ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவன் நீ. சரி, அப்படியே இருக்கட்டும்.

'நடந்திருக்கக் கூடாது' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். நடந்ததை நான் சொல்கிறேன், கேள். வாப்பா அன்றைக்குத் தோட்டத்து வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக் கிணற்றடிக்குப் போனபோது கேட்டில் தேக்கிலைப் பொதி ஒன்று தொங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். யாரோ பலாச்சுளையோ தேனடையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து அவிழ்த்துக் கையை விட்டுவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, பன்றி. எங்கள் மார்க்கத்தில் அதற்கு ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணைக் கரைத்து. அதைச் செய்தார்கள். அதற்குப் பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்களாம். அன்றே கேட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆறு மாதத்தில் மவுத்தாகிவிட்டார்கள். அதுவரைக்கும் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்கள். எழுபது வயது மனிதர், முத்துராமா. கரண்டி பிடிக்கத் தெரியாமல் மேலெல்லாம் சிந்திக்கொண்டு.

நான் மய்யித்தை அடக்கக்கூடப் போகவில்லை. என் பாஸ்போர்ட் எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், அவர் பெட்டியில் இருக்கிறது. கடையை யார் பார்ப்பது என்று கேட்டார். இங்கே கடைப் பலகையில் அவர் பெயர். ஷட்டரைத் திறப்பது நான், சாவி அவருடையது. அவர் வந்து உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறேன், போ என்றால் போகிறேன். யாரையும் கேட்காமல் நான் பூட்டி வைக்கக்கூடிய கதவு உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது மேலக்கரட்டில் இருக்கிறது.

அதைத் திறக்க மாட்டேன். உன் பயிருக்காக வருத்தப்படுகிறேன். வருத்தம் மட்டும்தான்.

அலாவுதீன்


உ
மேலக்கரடு,
10-1-1977

அலாவுதீன் அவர்களுக்கு,

நிலக்கடலை முடிந்தது. பறிப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மொத்தமாக இறங்கின. காலையில் போய்ப் பார்த்தால் ஏர் பிடித்த மாதிரி உழுதுபோட்டிருக்கின்றன. பிரபாவதி மண்ணைக் கிளறி மிச்சம் பொறுக்கினாள். ஒரு பெட்டிகூடத் தேறவில்லை. இனி இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அப்படிக் கேட்டதே கிடையாது.

வாப்பா கரண்டியில் சாப்பிட்டதைப் படித்தேன். அது எனக்குத் தெரியாது.

ஆனால் நீங்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடக்கண்ணு வம்புக்காக அதைச் செய்யவில்லை. அவர்கள் கூட்டத்தில் வேட்டைக்கு முறை இருக்கிறது. துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்களுக்கு ஒரு பங்கு, பன்றி விழுந்த மண் யாருடையதோ அவனுக்கு ஒரு பங்கு. மண்ணுக்காரன் பங்கை வைக்காமல் எடுத்தால் அது களவு என்பான். களவுக் கறி தின்ற வீட்டில் பிள்ளை தங்காது என்று உறுதியாக நம்புகிறவன். உங்கள் தோட்டத்தில் விழுந்ததற்கெல்லாம் அந்தப் பங்கைக் காவல்காரன்தான் கைநீட்டி வாங்கிக்கொண்டிருந்தான். வாப்பாவுக்கு அது தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் காவல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். வாங்கக் கை இல்லை. மாடக்கண்ணு வந்து என்னிடம் கேட்டான். நான், பெரிய மனுஷர் தோட்டம், பங்கை வைக்காமல் போகாதே என்றேன். கேட்டில் மாட்டிவிட்டான். மரியாதை என்று நினைத்துத்தான் இரண்டு பேரும் செய்தோம். வாப்பா உள்ளே தங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

இதற்குமேல் என்ன சொல்ல? உங்களுக்கு ஒரு கதவு இருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறீர்கள். எனக்கு இருப்பது இந்த மூன்று ஏக்கர் மட்டும்தான். அதற்குக் கதவு இல்லை.

முத்துராமன்


786
குதைபியா,
4-3-1977

முத்துராமா,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. இதையாவது தபாலில் போட வேண்டும்.

எங்கள் கஃபீலுக்கு மனாமாவுக்கு மேற்கே ஒரு பேரீச்சந்தோட்டம் இருக்கிறது. ஆடு வளர்க்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பூட்டிவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டான். அதற்குள் தெருநாய்கள் சேர்ந்து குட்டி போட்டுக் காட்டுநாயாகவே ஆகிவிட்டன. போன வெள்ளிக்கிழமை கஃபீலின் ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டன. செத்ததை அள்ளிப்போட ஆள் வேண்டும் என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கையில் துப்பாக்கி இருக்கிறது, நாய்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குரைப்பதும் கேட்கிறது. ஆனால் உள்ளே போக முடியாது. குவைத்துக்குப் போன் போட்டுக் கேட்டாராம். மாஃபி, முடியாது, என் தோட்டத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டானாம். அவர்களுக்குள் தண்ணீர்ப் பங்கில் ஏதோ பழைய பகை.

அவ்வளவு பெரிய மனிதர் சுவர் ஓரமாக நின்றுகொண்டு என்னைப் பார்த்து, இந்த ஆட்களுக்கெல்லாம் நெஞ்சு என்ற ஒன்று கிடையாதா என்று கேட்டார். ஆட்டின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இத்துடன் கையெழுத்துப் போட்ட அனுமதி வைத்திருக்கிறேன். மூன்று நிபந்தனைகள். பன்றியை என் தோட்டத்துக்குள் வைத்து அறுக்கக் கூடாது. வாப்பா பூட்டிய கேட் வழியாகப் போகவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. உன் பக்கத்து வேலியைப் பிரித்துக்கொள். மண்ணுக்காரன் பங்கு என்று எனக்கோ என் பெயரைச் சொல்லி வேறு யாருக்குமோ ஒரு துண்டுகூட வைக்கக் கூடாது. இந்த மூன்றாவதில் மட்டும் பிசகினால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன்.

காவல்காரன் வாங்கிக்கொண்டிருந்தான் என்று நீ எழுதியதை ராத்தாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தைரியம் இல்லை.

மற்றபடி இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பிரபாவதியை விசாரித்ததாகச் சொல்.

அலாவுதீன்


உ
மேலக்கரடு,
6-5-1977

மச்சான்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரபாவதி சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். எங்கள் வீட்டில் உன் கையெழுத்துக்குச் சூடம் காட்டியது உனக்குத் தெரிய வேண்டாமா? நானும் ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். வேலியைப் பிரிக்க அரிவாளோடு போய் நின்றேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர.

மாடக்கண்ணு மாட்டேன் என்கிறான்.

பங்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையை வாசித்துக் காட்டினேன். அப்படியானால் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். வேண்டாம் என்று மண்ணுக்காரரே சொல்கிறாரே என்றேன். "அவரு வேண்டாம்னு சொல்லலாம் சாமி, மண்ணு சொல்லலையே" என்கிறான். அந்தப் பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நீ மண்ணுக்காரன் இல்லை என்றான். காட்டில் போட்டுவிடு, நரி தின்னட்டும் என்றேன். நரிக்குக் கொடுப்பதற்குப் பெயர் பங்கு இல்லையாம். அரிசி பருப்பு படைக்கலாமா என்றுகூடக் கேட்டேன். அரிசி சுட்டு விழுந்ததா என்று கேட்டான். அவன் அண்ணன் ஒருவன் எப்போதோ பங்கு வைக்காமல் தின்றானாம், அந்த வருஷமே பிள்ளை கிணற்றில் விழுந்து செத்ததாம். இதற்குமேல் அவனிடம் என்ன வாதாட?

அவன் ஒரே ஒரு வழி சொல்கிறான். பழையபடி ஒரு காவல்காரனை வை. தோட்டத்துக் குடிசையில் அவன் இருக்கட்டும். மண்ணுக்காரன் ஆள் என்ற முறையில் அவன் கை வாங்கினால் போதும். உன் பெயரே வராது. வாப்பா காலத்தில் அப்படித்தானே ஓடிக்கொண்டிருந்தது? ஆளை நான் பார்த்துத் தருகிறேன். அவன் சாப்பாட்டுச் செலவும் என்னுடையது.

மச்சான், ஆடி பிறந்தால் விதைப்பு. அதற்குள் முடிவு எழுது. இரண்டு விளைச்சல் போய்விட்டது. மூன்றாவதும் போனால் நான் விவசாயி இல்லை.

முத்துராமன்


786
குதைபியா,
3-7-1977

மச்சான்,

நீ கேட்டது சின்ன விஷயம்தான். நான் ஒருவன் மட்டும் சொந்தக்காரன் என்றால் அன்றைக்கே ஆகட்டும் என்று எழுதியிருப்பேன். தோட்டத்தில் என் ராத்தா சித்தி மரியத்துக்கும் பங்கு உண்டு. அவளைக் கேட்காமல் ஆளைக் குடிவைக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கேட்டேன். பழைய காவல்காரன் விஷயத்தையும் எழுத வேண்டியதாகிவிட்டது.

கடிதத்தில் பதில் எழுதினால் போதாது என்று கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்பிய ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினாள். பாதி அழுகை. "காவக்காரன் கை வாங்குனா நம்ம கை வாங்குன மாதிரிதானே தம்பி? வாப்பா ஏழு தரம் கழுவுனாங்க. இத்தனை வருஷத்துக்கு நான் எத்தனை தரம் கழுவ?" என்று கேட்கிறாள். கடைசியில், குடிவைத்தவன் பிறகு எழுந்திருக்க மாட்டான், இப்போது சட்டமெல்லாம் குடியிருப்பவன் பக்கம் என்றும் ஒரு வார்த்தை. அது அவள் வார்த்தை இல்லை. லுக்மான் மச்சான், அவள் மாப்பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. எனக்கு அவர் தொண்டையைக் கனைப்பதுகூடக் கேட்கிறது.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாப்பாவைக் கடைசி வரை பார்த்தவள் அவள்தான். நேரில் உட்கார்ந்து பேசினால் வழிக்கு வருவாள், என் பேச்சைத் தட்ட மாட்டாள். கடிதத்தில் அது நடக்காது.

அதனால் நான் வருகிறேன். நோன்பு முடிந்ததும் கஃபீலிடம் லீவு கேட்டிருக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊரில் இருப்பேன். முதல் வேலை ராத்தா, இரண்டாவது வேலை உன் மாடக்கண்ணு. டிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு விதைப்பை மட்டும் எப்படியாவது காப்பாற்றிக்கொள்.

அலாவுதீன்


உ
தென்காசி ஆஸ்பத்திரி,
20-9-1977

மச்சான்,

நீ வருகிறாய் என்று எழுதியதை நம்பித்தான் விதைத்தேன். விதைக்குப் பிரபாவதியின் கழுத்தில் கிடந்ததைக் கழற்றினேன். முளைத்து நன்றாகத்தான் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவள் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தாள். குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி வேலியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அவளுக்கு ஒதுங்க இடம் இல்லை. தொடையைக் கிழித்துவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். உயிருக்குப் பயம் இல்லை என்கிறார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, காலை மடக்கிக் குந்தி உட்கார இனி வராது என்றும் சொல்கிறார்கள். குந்தி உட்காராமல் களை எடுப்பது எப்படி என்று டாக்டரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அங்கே நிலத்தில் யாரும் இல்லை. அதனால் இன்றைக்கு அங்கே என்ன இருக்கும் என்று உனக்கே தெரியும்.

வாசு என்ற நிலத்தரகர் இரண்டு தடவை வந்துவிட்டார். கொடுக்கிறாயா என்று கேட்கிறார். இன்னும் பிடி கொடுக்கவில்லை. நீ வந்து ஏதாவது செய்வாய் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருக்கிறது. என்றைக்கு வருகிறாய் என்று தேதி எழுது. வர முடியாது என்றால் அதையாவது எழுது. ரோஷம் பார்க்காமல் கேட்கிறேன்.

முத்துராமன்


உ
மேலக்கரடு,
18-12-1977

செய்கு அலாவுதீன் அவர்களுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் போய் ஒரு மாதம் ஆகிறது. நீங்களும் வரவில்லை, ஒரு வரி பதிலும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போய் நின்றேன். அதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நிலத்தை விற்றுவிட்டேன். நேற்று ரிஜிஸ்தர் ஆயிற்று. வாங்கியது யாரோ காயல்பட்டினத்துப் பெண்பிள்ளை, செய்கு முகம்மது மகள் ஷம்சியா என்று பத்திரத்தில் இருக்கிறது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் வாசு தரகரே முடித்தார். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததும் எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருந்தது. பன்றி மேயும் நிலத்துக்கு இந்த விலை கொடுக்க முடிகிறவர்கள் இருக்கிறார்கள்.

முன்பே அட்வான்ஸாக வந்த பணத்தில் விசா எடுத்திருக்கிறேன். வளைகுடாவில் புஜைரா என்ற ஊர். துறைமுகம் கட்டுகிறார்களாம். பொங்கலுக்கு முன் பம்பாய்க்கு ரயில் ஏறுகிறேன். பிரபாவதியைச் சுரண்டையில் அவள் அம்மா வீட்டில் விட்டாயிற்று. கம்பு ஊன்றி நடக்கிறாள்.

இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை. பூட்டு பத்திரமாக இருக்கிறது.

முத்துராமன்


786
குதைபியா,
11-1-1978

என் மச்சான் முத்துராமனுக்கு,

கோபத்தில் இருப்பாய். இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. நான் வராததற்குக் காரணம் இருக்கிறது. நல்ல செய்தியோடு எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஷம்சியா என் மனைவி.

நீ அவள் பெயரைக் கேட்டதே இல்லை, அவளைப் பார்த்ததும் இல்லை. செப்டம்பர்க் கடிதம் கிடைத்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தரகன் உன்னைச் சுற்றுகிறான் என்றால் யாராவது ஒரு மில்காரன் வாங்கிவிடுவான், உன்னை அந்த வரப்பில் நிற்கக்கூட விடமாட்டான் என்று பயந்தேன். நான் வாங்குகிறேன் என்று சொன்னால் நீ செத்தாலும் விற்க மாட்டாய். அதனால் மாமனார் பெயரைப் போட்டு ஷம்சியா பெயரில் முடிக்கச் சொல்லித் தரகருக்கு ஆள் வைத்தேன். டிக்கெட்டுக்குச் சேர்த்ததையும் அதில் போட்டுவிட்டேன். அதனால்தான் வரவில்லை. நான் வருவதைவிட உன் நிலம் நிலைப்பது முக்கியம் என்று நினைத்தேன், மச்சான்.

இன்னொன்று. காயல்பட்டினத்து வீட்டில் என் பாகத்தை ராத்தாவுக்கே விட்டுக்கொடுத்தேன். பதிலுக்குத் தோட்டத்தில் அவள் பாகத்தை எனக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள். அவள் இனி எதையும் கழுவ வேண்டியதில்லை. தோட்டம் முழுவதும் என்னுடையது, பாவம் என்று ஒன்று இருந்தால் அதுவும் என்னுடையது. வாப்பாவிடம் மறுமையில் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி எந்த நிபந்தனையும் இல்லை. புது அனுமதி இத்துடன் இருக்கிறது. கேட்டை உடைத்துத் திற. காவல்காரனை வை. மாடக்கண்ணு எந்த முறைப்படி வேண்டுமானாலும் சுடட்டும், அறுக்கட்டும், பங்கு வைக்கட்டும். உன் மூன்று ஏக்கர் முன்போல உன்னுடையது. நீ உழு, நீ விதை, எனக்கு ஒரு கொட்டைகூட வேண்டாம். பத்திரம் மட்டும் என் பெட்டியில் இருக்கும், முடிந்தபோது திருப்பிக்கொள். முடியாவிட்டால் அதுவும் வேண்டாம்.

டிசம்பரில் நீ எழுதியது எனக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது. பொங்கலுக்கு முன் ரயில் என்று எழுதியிருக்கிறாய். போகாதே. தரகரிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லியிருந்தேனே, சொல்லவில்லையா? பத்திரம் முடிந்ததும் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டாரா? இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று துஆ செய்துகொண்டு போடுகிறேன். இங்கே ஒன்றும் இல்லை, மச்சான். இங்கே வராதே.

அலாவுதீன்


புஜைரா,
2-5-1978

நிலத்துக்காரர் செய்கு அலாவுதீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மேலக்கரட்டுக்குப் போய், அங்கிருந்து சுரண்டைக்குப் போய், பிரபாவதி வேறு உறையில் போட்டு அனுப்பி, போன வாரம் என் கைக்கு வந்தது. கேம்பில் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். எட்டுப் பேர் இருக்கும் ரூம். அழுவதற்கு ஒதுக்குப்புறம் கிடையாது. அப்படியும் அழுதேன். பக்கத்துக் கட்டில் மூசா பாய் ஊரில் யாருக்கு என்ன என்று கேட்டார். நிலம் என்றேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபப்பட ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்காக வீட்டுப் பாகத்தை விட்டிருக்கிறீர்கள், வாப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய பாவத்தைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறீர்கள். இதற்கு நான் என்ன நன்றி சொன்னாலும் காணாது. ஆனால் நீங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். வாங்குவது நான்தான் என்று ஒரு வரி. ரோஷத்தில் விற்க மாட்டேன் என்று நினைத்தீர்கள். விற்றிருக்க மாட்டேன், உண்மைதான். நிலம் கையில் இருந்திருக்கும், நானும் அங்கே இருந்திருப்பேன்.

உழு என்கிறீர்கள். இரண்டு வருஷக் காண்ட்ராக்ட். பாஸ்போர்ட்டை வந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மலையில் வெடி வைத்து உடைத்த கல்லை லாரியில் கொண்டுவந்து கடலில் கொட்டுகிறோம். கொட்டக் கொட்டக் கடல் வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஜல்தி ஜல்தி என்று ஒருவன் பின்னாலேயே நிற்கிறான். விசாவுக்குப் போக மீதி இருந்தது பிரபாவதியின் காலுக்குப் போயிற்று. அவள் இனி வயலில் இறங்க முடியாது. நான் திரும்பிப் போனாலும் ஒற்றை ஆளாக என்ன செய்வேன்?

உங்கள் புது அனுமதியைப் பிரபாவதி தன் தம்பியிடம் கொடுத்து மாடக்கண்ணுவிடம் அனுப்பியிருக்கிறாள். அவன் வீடு பூட்டிக்கிடக்கிறதாம். வேட்டை இல்லாமல் நாய்களுக்குச் சோறு போட முடியவில்லை. அவற்றை விற்றுவிட்டு, துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தோடு எங்கோ செங்கல் சூளைக்குப் போய்விட்டான். அந்தப் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

என் நிலத்திலும் இப்போது கருவேலம் முளைத்துவிட்டதாம். உங்கள் தோட்டமும் அதுவும் ஒரே காடாகிவிட்டது. பன்றிகளுக்கு இடம் பெரிதாகிவிட்டது. அடுத்த நிலம் சிவசங்கரனுடையது, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இந்த வருஷம் பன்றிகள் அவர் மரவள்ளியில் இறங்கியிருக்கின்றன. நிலத்துக்குள் ஆள் விட அனுமதி வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இன்னும் என் நிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பெயரையும் குதைபியா விலாசத்தையும் எழுதிப் போட்டுவிட்டேன். அவர் கடிதம் உங்களுக்கு வரும். கொடுங்கள் என்றோ கொடுக்க வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு அந்த ஊரில் இனி பாத்தியதை இல்லை. கொடுத்தாலும் சுட ஆள் கிடையாது என்பதை நான் அவருக்கு எழுதவில்லை. இன்னும் இரண்டு விளைச்சல் பார்ப்பார். அதற்குப் பிறகு அவர் நிலமும் விலைக்கு வரும். தரகருக்கு உங்கள் ஆட்களைத் தெரியும்.

முத்துராமன்